பெட்டி விலை குறைந்தது, செலவு ஏறியது: பேக்கிங் அனுபவங்கள்

கோவை, பம்பு உதிரிபாகங்கள், பேக்கிங் பிரிவு

எங்கள் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவுக்கும் பேக்கிங் பிரிவுக்கும் ஆண்டு முழுக்க இழுபறிதான். அட்டைப்பெட்டிக்கு ஒன்றரை ரூபாய் குறைத்துக்காட்டினால் கொள்முதல் அதிகாரிக்குக் கைத்தட்டல். அதே பெட்டியால் கப்பல் கூலி ஏறினால் அது அனுப்புகைப் பிரிவின் தலைவலி. உடைந்து வந்தால் விற்பனைப் பிரிவின் தலைவலி. மொத்தத் தொகையை ஒரே தாளில் எழுதிப் பார்க்க ஆளில்லை.

நான் பார்த்ததிலேயே அதிகப் பணம் தின்ற சங்கதி ஒரு சென்டிமீட்டர். 120க்கு 100 சென்டிமீட்டர் பேலட்டில் (சரக்கை அடுக்கும் பலகைத் தட்டு), 40க்கு 30 பெட்டி ஓரடுக்குக்குப் பத்து உட்காரும். இம்மியளவு இடமும் வீணாகாது. திட்டம் போட்டவர் அப்படித்தான் கணக்கிட்டு, "40க்கு 30" என்று ஆர்டரில் எழுதினார். அளவைச் சொன்னால் பெட்டிக்காரர்கள் உள்ளளவு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அது தொழில் வழக்கம். ஐந்து தாள்களை ஒட்டிச் செய்த "ஐந்தடுக்கு" அட்டையின் தடிமன் ஒரு பக்கத்துக்கு ஆறேழு மில்லிமீட்டர். ஆக வெளியளவு 41.3க்கு 31.3 ஆகிவிட்டது. இப்போது ஓரடுக்குக்கு எட்டுதான். ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து பெட்டி உயரம் அடுக்கினால் ஐம்பது பெட்டி ஏற வேண்டிய பேலட்டில் நாற்பது. ஆயிரம் பெட்டிக்கு இருபது பேலட் போதும் என்றிருந்தது இருபத்தைந்தாகிவிட்டது.

இதில் இன்னொரு கூத்து உண்டு. சுமைப்பணித் தொழிலாளர்களிடம் "பத்தையும் ஏற்றுங்கள்" என்று மேற்பார்வையாளர் சத்தம் போடுவார். அவர்களும் ஏற்றுவார்கள். பெட்டிகள் பேலட்டின் ஓரத்தைத் தாண்டி வெளியே தொங்கும். அட்டைப்பெட்டியின் பலம் முக்கியமாக நான்கு மூலைகளில்தான் இருக்கிறது. மூலைக்குக் கீழே கட்டை இல்லையென்றால் மேலே இருக்கும் சுமை அடிப்பெட்டியை நசுக்கிவிடும். நசுங்கியதற்குப் பெட்டிக்காரரைத் திட்டி, அடுத்த ஆர்டரில் ஏழடுக்கு அட்டை கேட்டார்கள். ஏழடுக்கு இன்னும் தடிமன், இன்னும் வெளியே தொங்கும்! உட்பகுதியில் வைக்கும் தடுப்பட்டையைச் சற்றுக் குறைத்து, வெளியளவை 40க்கு 30க்குள் கொண்டுவந்த பிறகுதான் விஷயம் முடிந்தது. ஆர்டர் படிவத்தில் இப்போது "வெளியளவு" என்று தனிக் கட்டமே இருக்கிறது.

தூத்துக்குடி, சரக்கு முகவர்

மரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ஏற்றுமதிக்குப் போகும் மரப் பேலட், மரப்பெட்டி எல்லாவற்றுக்கும் ஐஎஸ்பிஎம் 15 விதி உண்டு, மரத்தோடு பூச்சிகள் நாடு விட்டு நாடு போகாமல் தடுக்கும் சர்வதேச விதி அது. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி, தொடர்ந்து அரைமணி நேரம் நிற்க வேண்டும், அல்லது அங்கீகரித்த முறையில் புகையூட்ட வேண்டும். பிறகு கதிர் படம் போட்ட முத்திரை குத்துவார்கள். பிளைவுட்டுக்கு இந்த விதி இல்லை. அதனால் "பிளைவுட் பெட்டிக்கு மாறிவிட்டோம், முத்திரைச் செலவு மிச்சம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், ஃபோர்க்லிஃப்ட் நுழைவதற்காக அடியில் அடித்த கட்டை பதப்படுத்தாத முழு மரமாக இருக்கும். அதற்கு முத்திரை வேண்டும்.

மெல்போர்னுக்குப் போன ஒரு சரக்கு இப்படித்தான் மாட்டியது. அங்கே புகையூட்டும் கூலி, துறைமுகக் கிடங்கு வாடகை, கண்டெய்னரைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்ததற்குக் கப்பல் நிறுவனத்தின் கட்டணம் என்று எல்லாம் சேர்ந்து டெபிட் நோட்டாக (பணம் கேட்கும் சீட்டு) வந்து நின்றது. அந்தக் கட்டைகளின் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

முத்திரை இருந்தாலும் மரம் காய்ந்திருக்கிறது என்று பொருளில்லை. சூடேற்றுவது பூச்சியைக் கொல்ல மட்டுமே. ஈர மரத்தை மூடிய கண்டெய்னருக்குள் வைத்தால் பகலில் ஆவியாகி, இரவில் கூரையில் நீராகக் கோத்து, சரக்கின் மேலேயே சொட்டும். வார்ப்பிரும்பு என்றால் கேட்கவே வேண்டாம். துருத்தடுப்புத் தாளை "அநாவசியம்" என்று நிறுத்துபவர்கள் பேலட்டின் ஈரத்தை ஒருமுறை அளந்து பார்க்கட்டும்.

சிவகாசி, அட்டைப்பெட்டி உற்பத்தி

எல்லோரும் எங்களைத் திட்டுவதால் ஒரு வார்த்தை. "விலையைக் குறை, அளவு மாறக் கூடாது" என்றால் நாங்கள் எதைக் குறைப்போம்? தாளின் தரத்தைத்தான். பெட்டி பார்க்க அப்படியே இருக்கும், மழைக்காலத்தில் தெரியும். கிடங்கில் ஈரப்பதம் ஏறினால் அட்டையின் தாங்குதிறன் பாதிக்குப் பாதி போய்விடும்.

அட்டையில் அடுக்கு எத்தனை, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) எவ்வளவு என்று மட்டும் கேட்கிறீர்கள். எத்தனை கிலோ சரக்கு, எத்தனை பெட்டி உயரம் அடுக்குவீர்கள், எத்தனை நாள் கிடங்கில் இருக்கும் என்று சொல்லுங்கள். சில இடங்களில் ஏழடுக்கை ஐந்தடுக்காக்கி, நல்ல தாள் போட்டுக் கொடுத்திருக்கிறேன். விலையும் குறைந்தது, எடையும் குறைந்தது. செங்கல் கட்டுவதுபோல மாற்றி மாற்றி அடுக்காமல் மூலைக்கு மேல் மூலை வரும்படி அடுக்கினாலே பாதிப் புகார்கள் வராது. ஆனால் அப்படி அடுக்கினால் சரியும் என்பார்கள். சரியும்தான், அதனால் சுற்றிலும் ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் (இழுத்துக் கட்டும் பிளாஸ்டிக் தாள்) சுற்ற வேண்டும். அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு பேசுங்கள்.

ஓசூர், வாகன உதிரிபாகங்கள்

அட்டையே வேண்டாம் என்று மடக்கும் பிளாஸ்டிக் கூடைகளுக்கு மாறினோம். பக்கத்து ஊர் வாடிக்கையாளருக்கு அருமையாக ஓடுகிறது. வட இந்தியாவுக்கு அனுப்பியதில் காலிக் கூடை திரும்பும் லாரி வாடகையே கசந்தது. போதாததற்குக் கூடைகள் வழியில் காணாமல் போயின. சிலவற்றில் யாரோ வெங்காயம் வைத்திருந்ததை எங்கள் ஓட்டுநரே பார்த்திருக்கிறார். தொலைவு குறைவு, அதே லாரி தினமும் போய்த் திரும்புகிறது என்றால் மட்டும் இறங்குங்கள்.

திருப்பூர், புதிதாகத் தொழில் தொடங்கியவர்

ஐயா, நாங்கள் சிறிய தையல் இயந்திர பாகங்களைக் கூரியரில்தான் அனுப்புகிறோம். பேலட், கண்டெய்னர் எதுவும் கிடையாது. எங்களுக்கு எங்கே போகிறது பணம்?

கோவை, பம்பு உதிரிபாகங்கள், பேக்கிங் பிரிவு

தம்பி, உங்களுக்குக் காற்றில் போகிறது. கூரியரில் பெரும்பாலும் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். அந்த எண், உண்மையான எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில். 60, 45, 40 அளவுப் பெட்டியில் 14 கிலோ பொருள் வைத்தால் 21.6 கிலோவுக்குப் பணம் கட்டுவீர்கள். அதே பொருள் 52, 40, 34 பெட்டிக்குள் அடங்குமானால் 14 கிலோவைச் சற்றே தாண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய பெட்டி வாங்கினால் மொத்த விலையில் மலிவு என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சென்ற மாதக் கூரியர் பில்களை எடுத்து, பில் எடையையும் தராசு எடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருக்கும் பொருள்களுக்கு மட்டும் முதலில் வேறு அளவுப் பெட்டி செய்யச் சொல்லுங்கள். மற்றவை பிறகு.