நெடி தெரிந்தது, மணம் தெரியவில்லை

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

எனக்கு மூக்கு போனதைச் சொன்னது இறால்தான். 2021 மே கடைசியில் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்து போனது. எனக்கு நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். ஜூனில் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் தெருவில் கூடையில் வந்த இறாலை வாங்கினேன். விசைப்படகுத் தடைக்காலம் வேறு, கிடைத்ததே பெரிது என்று நினைத்தேன். உரித்து, மஞ்சள் போட்டு அலசி, தொக்கு வைத்தேன். முதல் வாய் வைத்த பையன் அப்படியே துப்பினான். "என்னம்மா, கெட்டுப்போச்சு, உனக்குத் தெரியலையா?" என்றான். மாமியார் சட்டியை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே எடுத்துப் போனார். அரை மணி நேரம் அதன் மேல் குனிந்து நின்று கிளறியவள் நான்.

மீன் வாங்குவதில் எங்கள் வீட்டுக்கு ஒரு பேர் உண்டு. செவுளைத் தூக்கிப் பார்ப்பது, கண் கலங்கியிருக்கிறதா என்று கவனிப்பது, சதையை விரலால் அமுக்குவது, இதெல்லாம் யாரும் கற்றுக்கொள்ளலாம். உரித்த இறாலுக்கு அது போதாது. கடல் கவுச்சி வேறு, கெட்ட கவுச்சி வேறு. அதைப் பிரித்துச் சொல்ல மூக்கு வேண்டும். இருபது வருடமாகக் காசிமேடு மீன் சந்தையில் என்னை யாரும் ஏமாற்ற முடியாமல் வைத்திருந்தது இந்த மூக்குதான்.

அன்று இரவு பெருங்காயம், காபித்தூள், நெத்திலிக் கருவாடு, சாம்பிராணி என்று ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தேன். காற்று உள்ளே போனது, வெளியே வந்தது. ஆனால் தைலம் வைத்தால் மூக்கு சில்லென்றது, மிளகாய் வறுத்தால் தும்மல் வந்தது. சரி, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது என்று நானாக நினைத்துக்கொண்டு இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டேன். அந்த இரண்டு மாதத்துக்காக இன்றும் வருத்தப்படுகிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் மெல்லிய குழாய்க் கேமராவை மூக்கில் விட்டுப் பார்த்தார். அடைப்பு இல்லை. தைலத்தின் குளிர்ச்சி, மிளகாயின் கமறல் இதையெல்லாம் மூளைக்குக் கொண்டுபோவது முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு, வாசனைக்கு வேறு நரம்பு என்றார். அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஒன்று பிடிபட்டது. நம் ஆட்கள் இதற்கு 'நெடி' என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள். எனக்கு நெடி இருந்தது, மணம்தான் போயிருந்தது. சாம்பாரில் உப்பும் புளிப்பும் தெரியும், அது சாம்பார் என்று தெரியாது. மெல்லும்போது தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிற வாசனையைத்தான் பாதிக்கு மேல் ருசி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கொரோனா கிருமி பெரும்பாலும் வாசனை நரம்பணுக்களை நேராகத் தாக்குவதில்லையாம். அவற்றைச் சுற்றி நின்று தாங்குகிற அணுக்களைத்தான் கெடுக்கிறது. நரம்பணுக்கள் மறுபடி முளைக்கக் கூடியவை, ஆனால் மாதக்கணக்கில் ஆகும். அதற்கு மாத்திரையை விட மூக்குப் பயிற்சிதான் முக்கியம் என்றார். 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் என்ற மருத்துவரின் குழு செய்து காட்டிய முறை அது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு வாசனை. காலை, மாலை இரு வேளை. குறைந்தது மூன்று மாதம்.

நாலு பழைய டானிக் புட்டியைக் கழுவிக் காயவைத்தேன். ரோஜா அத்தரும் நீலகிரித் தைலமும் பஞ்சில் நனைத்து இரண்டில், எலுமிச்சைத் தோல் ஒன்றில், தட்டிய கிராம்பு ஒன்றில். ஒவ்வொன்றையும் இருபது விநாடி, நாய் மோப்பம் பிடிப்பது போலச் சின்னச் சின்னதாக இழுக்க வேண்டும். இழுக்கும்போது அந்த வாசனை எப்படி இருந்தது என்று மனசில் தேட வேண்டும். தோலை நாலு நாளுக்கு ஒருமுறை மாற்றினேன். முதல் ஏழு வாரம் சுவரை மோந்தது போலத்தான் இருந்தது. நீலகிரி மட்டும் சுர்ரென்றது, அது நெடி என்று இப்போது எனக்குத் தெரியும், கணக்கில் எடுக்கவில்லை. எட்டாவது வாரம், ஒரு மாலை, கிராம்புப் புட்டியில் மூக்கின் மேல் ஓரத்தில் ஏதோ இனிப்பாக ஒரு கீற்று. அடுத்த மூச்சில் இல்லை. மாமியாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் அன்று முதல் தினமும் "கிராம்பு வந்துச்சா?" என்று கேட்பார், ஊருக்குப் போன பிள்ளையைக் கேட்பது மாதிரி.

அப்புறம் வந்தது பெரிய கஷ்டம். அக்டோபரில் வாசனை வர ஆரம்பித்தது, ஆனால் தப்பு தப்பாக. காபி, எரிந்த டயரில் சாக்கடைத் தண்ணீர் ஊற்றியது போல. வதக்கிய வெங்காயமும் முட்டையும் அப்படியே. பற்பசை கூட. ஐந்து கிலோ இளைத்தேன். மருத்துவரிடம் அழுதபோது, இது நல்ல அறிகுறியம்மா என்றார். மனித மூக்கில் வாசனையைப் பிடிக்கும் ஏற்பிகள் ஏறக்குறைய 400 வகை, காபி என்றால் அதில் பல வகை ஒன்றாகச் சொல்ல வேண்டும், இப்போது கொஞ்சம்தான் முளைத்திருக்கிறது, அதனால் மூளைக்குப் போகிற செய்தி அரைகுறையாக இருக்கிறது என்றார். சூடான சாப்பாட்டை விட ஆறியது தாங்கியது. தயிர்சாதம், வாழைப்பழம், வெள்ளரிக்காய், இதை வைத்தே நாலு மாதம் தள்ளினேன்.

எண்ணூரிலிருந்து:

அக்கா, நெடி பற்றி நீங்கள் எழுதியது என் வாழ்க்கை. எனக்கும் 2021இல் போனது, நான் எந்தப் பயிற்சியும் செய்யவில்லை, பாதிதான் திரும்பியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் வந்தபோது ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. வலையில் கறுப்பாக ஒட்டியதைக் கண்ணால் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில், கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூக்கத்தில் தொண்டை அடைத்துக் கண் எரிந்ததால்தான் எழுந்தேன். பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினோம். அமோனியா எரிச்சல் தருகிற வாயு, மூக்கு போனவனையும் எழுப்பிவிடும். எரிச்சல் தராத வாயுவாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் ராத்திரியில் யோசிக்கிறேன். இந்தப் பக்கம் இருப்பவனுக்கு மூக்குதான் காவல்காரன்.

மணலியிலிருந்து:

எண்ணூர் அண்ணன் கேட்டதற்கு ஒரு வார்த்தை. சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்கேப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். மூக்கு போனவர்களுக்கு அது கலந்தும் பயனில்லை. என் அப்பாவுக்கு அப்படித்தான், எனவே கசிவைக் கண்டு கத்தும் கருவி ஒன்றை அடுப்புக்குக் கீழே, தரையோரமாக வைத்திருக்கிறோம். அந்த கேஸ் காற்றை விடக் கனமானது, கீழேதான் தங்கும். இரவில் ரெகுலேட்டரை மூடாமல் படுக்கக் கூடாது. கசிவுப் புகாருக்கு 1906.

பெரம்பூரிலிருந்து:

எனக்குக் கொரோனாவே இல்லை, சாதாரண சளிக்காய்ச்சல். ஏழாம் மாத கர்ப்பத்தில் வாசனை போனது. குழந்தை பிறந்தது, எல்லோரும் தலையை மோந்து மோந்து கொஞ்சினார்கள். எனக்கு என் பிள்ளை வாசனை தெரியாது. துணி நனைத்திருக்கிறானா என்று மணிக்கொரு தரம் கையை விட்டுப் பார்ப்பேன். அம்மாவிடம் கூடச் சொல்லவில்லை, சொன்னால் சாபம் அது இது என்பார்கள். ஐந்தாவது மாதம், குளிப்பாட்டி சாம்பிராணிப் புகை காட்டி மடியில் போட்டபோது, வசம்பும் பாலும் கலந்து லேசாக வந்தது. புட்டிகளை நாளையிலிருந்து நானும் ஆரம்பிக்கிறேன், இன்னும் மல்லிப்பூ வரவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

பெரம்பூர் தங்கச்சி, உடனே ஆரம்பி. அதற்கு முன்னால் ஒரு முறை மருத்துவரிடம் மூக்கைக் காட்டிவிடு. மல்லி எனக்கு ஒன்றரை வருடம் கழித்துத்தான் வந்தது. மூன்று மாதம் ஆனதும் புட்டிகளை மாற்று, நான் ஏலக்காய், மல்லித்தழை, காபி, சந்தனம் என்று மாற்றினேன். காபி இன்றும் முழுசாகச் சரியில்லை, அடியில் ஒரு கருகல் இருக்கிறது.

போன ஞாயிறு காசிமேட்டில் இறால் வாங்கப் போனேன். முதல் குவியல் பார்க்க நன்றாக இருந்தது. ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனேன். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். "விடியக்காலை வந்ததும்மா, பார்த்தாலே தெரியல?" என்று விற்ற அம்மா கோபித்துக்கொண்டார். இரண்டு கூடை தள்ளிப் போய், அதையும் அள்ளி மோந்தேன். கடல் கவுச்சி. அரைக் கிலோ வாங்கினேன்.