தாலுகா ஜி.ஹெச்.சில் இருந்துகொண்டு ஆராய்ச்சி செய்ய முடியுமா? (பாம்புக்கடி கேஸ்கள்)

மேற்குமதுரை டாக்டர்:

மதுரைக்கு மேற்கே ஒரு தாலுகா ஜி.ஹெச்.சில் பொது மருத்துவம் பார்க்கிறேன். டி.எம்.எஸ். சைடு (மெடிக்கல் காலேஜோடு சேராத அரசு ஆஸ்பத்திரிகள்), அதனால் பி.ஜி. பையன்கள் கிடையாது, ஹவுஸ் சர்ஜன் கிடையாது, லைப்ரரி என்று சொல்லிக்கொள்ள ஒரு பீரோகூட இல்லை. ஓ.பி., வார்டு, போஸ்ட்மார்ட்டம், கோர்ட் சம்மன் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு ஆசை வந்து உட்கார்ந்துவிட்டது. சிரிக்காமல் படியுங்கள்.

எங்களுக்குப் பாம்புக்கடி கேஸ் நிறைய வரும். இந்தப் பக்கம் மல்லிகைத் தோட்டம் ஜாஸ்தி. மொட்டு விரிவதற்குள் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதால் விடியாத நேரத்திலேயே தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு செடிக்குள் கை விடுகிறார்கள். கடி விழுந்ததும் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், மந்திரிக்கிறவரிடம் பார்வை பார்த்துவிட்டு மத்தியானம் வருகிறவர்களும் உண்டு. நாங்கள் ரத்தம் உறைகிறதா என்று பார்ப்போம், விஷமுறிவு மருந்து ஏற்றுவோம், சிறுநீர் குறைந்தாலோ மூச்சு திணறினாலோ 108-இல் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம். அதற்குப் பிறகு அந்த ஆள் என்ன ஆனார் என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஊர்க்காரர் யாராவது ஓ.பி.க்கு வந்து சொன்னால்தான் உண்டு.

கடித்த நேரத்துக்கும் முதல் வயல் (விஷமுறிவு மருந்துக் குப்பி) ஏறிய நேரத்துக்கும் நடுவில் எவ்வளவு போகிறது, அது எங்கே போகிறது, முதல் டெஸ்ட் நார்மல் என்று உட்காரவைத்தவர்களில் யாருக்குப் பிறகு ரத்தம் உறையாமல் போகிறது, இதை ஒழுங்காக எழுதிவைத்தால் உருப்படியாக ஏதாவது வருமா? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? எங்கள் ஆஸ்பத்திரியில் எதிக்ஸ் கமிட்டி (ஆய்வு நோயாளிக்கு நியாயமானதா என்று பார்த்து ஒப்புதல் தருகிற குழு) இல்லை. கூட வேலை பார்க்கும் சீனியர் “அதெல்லாம் காலேஜ்காரன் வேலைப்பா, நமக்கு ஓ.பி. முடிஞ்சாப் போதும்” என்கிறார். அவர் சொல்வதும் சரிதானோ?

தீசிஸ் முடிச்சவன்:

சார், சீனியர் சொல்வது தப்பு. காலேஜில் இருந்து சொல்கிறேன், எங்களிடம் வருகிற பாம்புக்கடி கேஸ் எல்லாம் ஏற்கெனவே எங்கேயோ பத்து வயல் ஏறியது, ரெஃபரல் சீட்டில் நேரம் இல்லாதது. முதல் ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று எந்த பி.ஜி. தீசிஸிலும் கிடையாது, ஏனென்றால் அந்த ஒரு மணி நேரம் எங்களிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது.

அனுமதி விஷயம். நோயாளியைத் தொடாமல் வெறுமனே குறித்துக்கொண்டு வருவதற்கும் எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் வேண்டும், ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே வேண்டும். டேட்டா எல்லாம் எடுத்து முடித்துவிட்டு அப்புறம் போய் நின்றால் எந்த கமிட்டியும் முன் தேதி போட்டுத் தராது, ஜர்னலும் எடுக்காது. சொந்தமாக கமிட்டி இல்லாத இடம் வேறு ஒரு நிறுவனத்தின் கமிட்டியிடம் போகலாம் என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலே சொல்கிறது, இரண்டு நிறுவனத்துக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தக் கடிதம் இருந்தால் போதும். மருந்துப் பரிசோதனை என்றால் சட்டம் வேறு, புது மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகளுக்கான 2019 விதிகள். அதிலும்கூட, சொந்த கமிட்டி இல்லையென்றால் அதே ஊரிலோ 50 கி.மீ. சுற்றளவிலோ உள்ள கமிட்டி ஒப்புதல் தரலாம் என்று வழி இருக்கிறது. மதுரையில் இருந்து பார்த்தால் உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் எல்லாம் அந்த வட்டத்துக்குள்தான் வரும்.

கமிட்டி என்றதும் பயப்பட வேண்டாம். குறைந்தது ஏழு பேர், அதில் பாதிப் பேராவது வெளியாள், ஒரு வக்கீல், ஒரு பெண், ஒரு சாதாரண ஆள் கட்டாயம். அந்தச் சாதாரண ஆள் கேட்கிற கேள்விதான் பெரும்பாலும் கஷ்டமாக இருக்கும். ரிஸ்க் மிகக் குறைவான ஆய்வு என்றால் முழுக் கூட்டம் கூட்டாமலே சீக்கிரம் பார்த்துக் கொடுப்பதற்கும் வழி உண்டு.

உங்கள் சி.எம்.ஓ. (தலைமை மருத்துவர்) வழியாக ஜே.டி.க்கு (மாவட்ட இணை இயக்குநர்) ஒரு கடிதம் போட்டு எழுத்தில் அனுமதி வாங்கி வையுங்கள். வாய்வார்த்தையை நம்பி இறங்காதீர்கள், டிரான்ஸ்ஃபர் வந்தால் எல்லாம் அம்போ.

காஷுவாலிட்டி சிஸ்டர்:

டாக்டர் சார், நான் வேறு ஒரு ஜி.ஹெச்.சில் ஸ்டாஃப் நர்ஸ். ஆராய்ச்சி பண்ணுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனால் உங்க டேட்டா மொத்தமும் ஒரு கண்ணாடிக் குழாயில்தான் நிற்குது என்பதை முதலில் பாருங்க.

ரத்தம் உறையுதான்னு பார்க்கிற இருபது நிமிஷ டெஸ்டுக்கு இரண்டு மில்லி ரத்தம், புதுசான, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாய் வேணும். பிளாஸ்டிக் குழாய் ஆகாது. சோப்புப் பவுடர் போட்டுக் கழுவின கண்ணாடியும் ஆகாது, நல்லா இருக்கிற ரத்தமே உறையாது, தேவையில்லாமல் மருந்து ஏத்திடுவோம். இருபது நிமிஷம் அசைக்காமல் நிறுத்தணும். எங்க வார்டில் நடக்கிறது என்னன்னா, குழாயை ஜன்னல் கட்டையில் சாய்ச்சு வெச்சிருப்போம், கூட வந்தவங்களில் யாராவது ஒருத்தர் “இதுதான் எங்க அப்பா ரத்தமா”ன்னு எடுத்து ஆட்டிப் பார்ப்பார், இல்லாட்டி டெலிவரி கேஸ் வந்து எல்லாரும் ஓடிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்ப்போம். கேஸ் ஷீட்டில் மட்டும் ‘20 நிமிடம்’னு அழகா இருக்கும். இதை வெச்சு நீங்க எழுதினால் அது ஆராய்ச்சியா?

நேரமும் அப்படித்தான். “எப்பக் கடிச்சது”ன்னு கேட்டா “மாடு கறக்குற நேரம்”பாங்க. அதை நான் நாலரைன்னு எழுதுவேன், அடுத்த ஷிஃப்ட் சிஸ்டர் ஆறுன்னு எழுதுவாங்க. நோயாளி சொன்ன வார்த்தையை அப்படியே எழுத ஒரு கட்டம் போடுங்க, மணி கணக்கை அப்புறம் நீங்க உட்கார்ந்து போட்டுக்கோங்க.

இன்னொண்ணு. கட்டுவிரியன் கடிச்சா ரத்தம் நல்லா உறையும். தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயித்து வலின்னு வருவார், கடிவாய் தெரியாது, கண் இமை சொருக ஆரம்பிக்கும்போதுதான் நமக்கே உறைக்கும். அவரை ‘வயித்து வலி’ன்னு ரெஜிஸ்டரில் எழுதியிருப்பாங்க. பாம்புக்கடி ரெஜிஸ்டரை மட்டும் புரட்டினால் இவர் உங்க கணக்கிலேயே வரமாட்டார்.

தீசிஸ் முடிச்சவன்:

சிஸ்டர் சொன்னதை அப்படியே புரோட்டோகாலில் (ஆய்வுத் திட்டத்தில்) போடுங்கள் சார். பழைய கேஸ் ஷீட்டை எல்லாம் தோண்டாமல் இனி வருகிற கேஸ்களை மட்டும் எடுங்கள் என்று நான் சொல்ல வந்த காரணமும் இதேதான்.

பேரையூர்க்காரன்:

டாக்டர்கள் எல்லாரும் பேசிக்கிறீங்க, எங்க பக்கமும் கேளுங்க. எங்க அப்பாவுக்குச் சர்க்கரைப் புண். ஒரு ஆஸ்பத்திரியில், பெயர் வேண்டாம், சின்ன டாக்டர் ஒருத்தர் வந்து ஒரு பேப்பரில் கைநாட்டு வாங்கிட்டுப் போனார். பேப்பர் முழுக்க இங்கிலீஷ். எதுக்குன்னு கேட்டதுக்கு “ஒண்ணுமில்லை, படிப்புக்கு”ன்னார். வாரா வாரம் புண்ணைப் போட்டோ எடுத்தாங்க. பிறகு அந்த டாக்டரே வரலை, கேட்டால் பரீட்சை முடிஞ்சு போயிட்டார்னாங்க. எந்த மருந்து வெச்சாங்க, அது நல்லதா கெட்டதா, இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அப்பா நல்லாத்தான் இருக்கார், அது வேற. ஆனால் ஏழை ஆஸ்பத்திரிக்கு வந்தால் எதுல வேணும்னாலும் கையெழுத்து வாங்கலாம்னு இருக்குல்ல, அது எரிச்சலா இருக்கு. இவர் பாம்பு கடிச்சு உயிருக்குப் போராடுறவன்கிட்ட என்ன பேப்பரை நீட்டப் போறார்?

மதுரை டு மான்செஸ்டர்:

பேரையூர் அண்ணன் கோபம் நியாயம். விதிப்படி அந்தத் தகவல் தாள் தமிழில் இருக்க வேண்டும், படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் நின்று அதை வாசித்துக் காட்டுவதைக் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு பிரதி உங்கள் கையில் தர வேண்டும், அதில் டாக்டர் நம்பரும் கமிட்டி நம்பரும் இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வைத்தியம் நிற்கக்கூடாது. இனி யாராவது பேப்பரை நீட்டினால் “எனக்கு ஒரு காப்பி கொடுங்க” என்று மட்டும் கேளுங்கள், முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

டாக்டருக்கு: நான் இங்கிலாந்தில் ஒரு டிஸ்ட்ரிக்ட் ஜெனரல் ஹாஸ்பிடலில் இருக்கிறேன், கிட்டத்தட்ட நம்ம ஊர் தலைமை மருத்துவமனை மாதிரி. கோவிட் சமயத்தில் எந்த மருந்து உதவும் என்று பார்க்க இங்கே ரிகவரி ட்ரயல் நடந்தது தெரியும்தானே. மார்ச் 2020-இல் தொடங்கி ஜூன் 16-ஆம் தேதியே டெக்ஸாமெதசோன் முடிவை அறிவித்துவிட்டார்கள், வென்டிலேட்டரில் இருந்தவர்களில் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்பிலேயே சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற மருந்து. அவ்வளவு வேகம் எப்படி வந்தது? பெரிய பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளோடு நிற்காமல் சுமார் 176 ஆஸ்பத்திரிகளைச் சேர்த்தார்கள், எங்களை மாதிரிச் சின்ன இடங்கள் உட்பட. டாக்டர் செய்ய வேண்டிய வேலையை மிகக் குறைவாக வைத்தார்கள். இங்கே சம்மதம் கேட்பது, ஃபாலோ அப் பார்ப்பது எல்லாவற்றையும் பெரும்பாலும் ரிசர்ச் நர்ஸ் பார்த்துக்கொள்வார், அதற்கென்று தனிச் சம்பளம். நீங்கள் அது இல்லாமல் செய்யப் பார்க்கிறீர்கள், அதனால் ஃபார்ம் ஒரு பக்கத்தைத் தாண்டினால் ஒரு மாதத்தில் நின்றுவிடும்.

ரிட்டயர்டு சிவில் சர்ஜன்:

தம்பி, பெரிய ஊர் ஆஸ்பத்திரிதான் ஆராய்ச்சி செய்யணும் என்பதெல்லாம் சும்மா. மகாராஷ்டிராவில் மகாட் பக்கம் பாவஸ்கர் என்று ஒரு டாக்டர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவர். செந்தேள் கடித்து வருகிறவர்கள் நெஞ்சில் நீர் கோத்துச் செத்துப்போவதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார், அந்த அறிகுறிகளைப் பற்றி லான்செட் மருத்துவ ஜர்னலில் 1982-இல் எழுதினார், பிறகு பி.பி.க்குக் கொடுக்கிற பிரசோசின் மாத்திரை உதவுகிறது என்று கண்டுபிடித்தார். 2022-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், நாற்பது வருஷம் கழித்து. அவருக்கு பி.ஜி. பையன் எங்கே இருந்தான்?

நம்ம ஊரிலேயே டி.பி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 1956-இல் மெட்ராஸில் ஆரம்பித்த ஆய்வுதான் டி.பி.க்காரரைச் சானடோரியத்தில் படுக்கவைக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது. அதில் பெரும்பகுதி உழைப்பு வீடு வீடாகப் போய் மாத்திரை சாப்பிட்டாரா என்று பார்த்தவர்களுடையது.

பாம்புக்கடியில் ஒரு சமாச்சாரம் சொல்கிறேன். மருந்து ஏற்றும்போது அலர்ஜி வராமல் இருக்க முன்கூட்டியே ஹைட்ரோகார்ட்டிசோன் போடுகிற பழக்கம் நம்மிடம் ரொம்ப நாளாக உண்டு. இலங்கையில் 1,007 பேரை வைத்து ஒரு ட்ரயல் பண்ணி 2011-இல் வெளியிட்டார்கள். ஹைட்ரோகார்ட்டிசோனோ புரோமெதசினோ கடுமையான ரியாக்‌ஷனைத் தடுக்கவில்லை, தோலுக்கடியில் போட்ட குறைந்த அளவு அட்ரினலின்தான் குறைத்தது. உங்க வார்டில் இன்றைக்கு என்ன போடுகிறார்கள் என்று குறித்தாலே அது ஒரு ஆய்வு. ஆனால் புது மருந்து, புது டோஸ் என்று தனியாக இறங்காதீர்கள், அது வேறு விளையாட்டு, சி.டி.ஆர்.ஐ.யில் (மருத்துவப் பரிசோதனைகளைப் பதிவு செய்கிற இந்தியப் பதிவேடு) முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்யணும், ஏதாவது ஆனால் நஷ்டஈடு உங்கள் தலையில்.

மேற்குமதுரை டாக்டர்:

எல்லாருக்கும் நன்றி. பேரையூர் அண்ணே, நீங்கள் கேட்டதற்குப் பதில்: வந்தவுடன் யாரிடமும் பேப்பரை நீட்டப் போவதில்லை. வைத்தியம் எல்லாருக்கும் ஒன்றுதான், நான் எதையும் மாற்றப்போவதில்லை. ஆள் தேறி உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது கேட்கலாமா, வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்களின் வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்கலாமா என்று கமிட்டியிடமே கேட்கப்போகிறேன். இறந்துபோனவர் வீட்டுக்குப் போன் போடுவது எப்படி என்பதுதான் எனக்கு இப்போது பெரிய கேள்வியாக இருக்கிறது. அதற்கு இங்கே யாரிடமாவது அனுபவம் இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

2024 நவம்பரில் தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக்கிவிட்டார்கள் (கேஸ் வந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்), அதனால் எப்படியும் ஒவ்வொரு கேஸுக்கும் ஏதோ ஒரு படிவம் நிரப்பித்தான் ஆகணும். அதன் கூடவே என் ஒரு பக்கத்தையும் பின் பண்ணிவிடலாம் என்று நினைக்கிறேன்.

சிஸ்டர், அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு இண்டெண்ட் எப்படிப் போட்டீர்கள்? எங்கள் ஸ்டோரில் கேட்டால் பிளாஸ்டிக்தான் இருக்கு என்கிறார்கள்.

காஷுவாலிட்டி சிஸ்டர்:

ஸ்டோரில் கேட்காதீங்க சார், லேப் டெக்னீஷியன்கிட்ட கேளுங்க. அவர் பீரோவில் இருக்கும், எண்ணித்தான் கொடுப்பார். கழுவித் திருப்பிக் கொடுக்கச் சொல்லுவார், மாட்டேன்னு சொல்லிடுங்க.