உள்நாட்டுப் போர் டோக்கன்: நிறத்தைப் பார்த்து உலோகத்தை முடிவு செய்யாதீர்கள்

1862 கோடையில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த அமெரிக்காவில் செம்பு-நிக்கல் சென்ட்டைக்கூட மக்கள் பதுக்கிவிட்டார்கள். அந்தச் சில்லறைப் பஞ்சத்தில் கடைக்காரர்கள் அடித்துப் புழங்கவிட்ட டோக்கன்கள் இவை. சுமார் 19 மி.மீ., பெரும்பாலும் 1863 என்ற ஆண்டு. ஃபுல்ட் எண்ணின், அதாவது ஃபுல்ட் பட்டியலில் டோக்கனுக்குத் தரப்பட்ட எண்ணின், கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 'ஏ' செம்பு, 'பி' பித்தளை, 'டி' செம்பு-நிக்கல், 'இ' வெண்ணுலோகம் (பெரும்பாலும் வெள்ளீயக் கலவை). அச்சு ஒன்றாகவே இருந்தாலும் உலோகம் மாறினால் அரிதுத் தரமும் மாறிவிடும். கறுத்த பித்தளை செம்பு போலவே தெரியும். வெள்ளீயம் பூசிய செம்பையோ பலர் வெண்ணுலோகம் என்று வாங்கிவிடுகிறார்கள். தேய்ந்த மேடுகளிலும் விளிம்பிலும் சிவப்பு எட்டிப்பார்த்தால் அது பூச்சுதான்.

*

கண்ணை நம்பாமல் அடர்த்தி பாருங்கள். முதலில் உலர்ந்த எடை. பிறகு தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, டோக்கனை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். உலர்ந்த எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. செம்பு 8.9, பித்தளை ஏறத்தாழ 8.5, வெள்ளீயம் 7.3.

3 கிராம் டோக்கனுக்குச் செம்பு 0.34 காட்டும், பித்தளை 0.35. அதனால் 0.01 கிராம் தராசு இந்த இரண்டையும் பிரிக்காது, 0.001 கிராம் தராசு வேண்டும். வெள்ளீயம் 0.41 என்பதால் அதற்குச் சாதாரணத் தராசே போதும். ஒட்டிய காற்றுக்குமிழி செம்பைப் பித்தளையாகக் காட்டிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விடுங்கள்.

பழகுவதற்கு நியூயார்க் மதுக்கடைக்காரர் லிண்டன்முல்லரின் செம்பு டோக்கன் நல்லது. பத்து லட்சத்துக்கு மேல் அடித்ததாகச் சொல்வார்கள், எளிதில் கிடைக்கும்.

*

'டி' வகைக்கு அடர்த்தி உதவாது, நிக்கலும் 8.9தான். அங்கே நிறமும் தடிமனும் பார்க்க வேண்டும். சில டோக்கன்கள் புழக்கத்திலிருந்த சென்ட்டின் மேலேயே அடிக்கப்பட்டவை. அந்தச் சென்ட் 4.67 கிராம், 88% செம்பு, 12% நிக்கல். ஆனால் எடை ஒத்துப்போனது மட்டும் சான்றாகாது. சாய்ந்த வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால், பழைய எழுத்தோ மாலையின் இலையோ அடியில் தெரிய வேண்டும்.

வார்ப்புப் போலிகளில் விளிம்பைச் சுற்றி இணைப்புக்கோடு இருக்கும், எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும். உலோகத்தைப் பார்ப்பதற்காக விளிம்பை அரம் போட்டு உரசாதீர்கள், தயவுசெய்து. அந்தக் கீறல் ஒருநாளும் ஆறாது.