மழையில் நின்ற டயர், நிற்காத டயர்: 195/55 ஆர்16 மாற்றிய கதை

லாஸ்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் கார் ஹூண்டாய் ஐ20 என் லைன் டர்போ, 2021 கடைசியில் எடுத்தது, 43,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. 2025 நவம்பரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடலூரிலிருந்து திரும்புகிறேன், ரெட்டிச்சாவடி பக்கம் நல்ல மழை, முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தால், சக்கரம் இறுகிப்போகாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் காலுக்கடியில் படபடவென்று அடிக்கிறது, வண்டி மட்டும் வழுக்கிக்கொண்டே போகிறது. ஒரு முழம் இடைவெளியில் நின்றோம். அம்மா வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். முன் டயர் இரண்டிலும் பள்ளத்துக்குள் இருக்கும், தேய்மானத்தைக் காட்டும் டிடபிள்யூஐ மேடு மேல் ரப்பரோடு கிட்டத்தட்டச் சமமாகியிருந்தது. அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர், அதுவரை தேயலாம் என்பதுதான் கணக்கு. ஆனால் நம் ஐப்பசி கார்த்திகை மழைக்கு அதெல்லாம் போதாது, பள்ளம் 3 மில்லிமீட்டருக்கு வந்தாலே மாற்றிவிடுங்கள். தண்ணீர் வெளியேற வழி இல்லாவிட்டால் டயர் தண்ணீர் மேலேயே மிதக்கும், பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிடிக்காது.

அப்புறம் எதைப் போடுவது என்ற குழப்பம். என் டயர் அளவு 195/55 ஆர்16: அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். நண்பர்கள் எல்லாரும் இன்னும் அகலமான 205/55க்குப் போ என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இப்போதிருக்கும் அளவில் டயரின் மொத்த விட்டம் 621 மில்லிமீட்டர், அதில் 632. ஸ்பீடோமீட்டர் அதே 100 காட்டும்போது இப்போதைவிட ஏறக்குறைய 2 கிலோமீட்டர் கூடுதலாகப் போய்க்கொண்டிருப்போம். அதைவிட முக்கியம், அகல டயர் தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும். மழைக்குப் பயந்து டயர் மாற்றுகிறவன் எதற்கு அகலம் கூட்ட வேண்டும்? கம்பெனி அளவிலேயே நின்றேன். மிஷ்லின் பிரைமசி 4 எஸ்டி, கான்டினென்டல் யூசி6, யோகோஹாமா புளூஎர்த் ஜிடி மூன்றும் மனதில் இருந்தன. மிஷ்லின் போட்ட நண்பர் வண்டியை ஓட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை, சாலைப் பள்ளத்தில் மெத்தென்று இறங்குகிறது, ஆனால் ஸ்டியரிங் திருப்பினால் வண்டி அரை நொடி யோசிப்பது போல எனக்குப் பட்டது. ஓட்டுகிற சுகத்துக்காகத்தான் இந்த வண்டியை வாங்கினேன், அதனால் யூசி6.

முதலில் போன கடையில் பாதி விலை குறைத்துத் தருவது போலப் பேசினார்கள். டயரின் பக்கவாட்டில் பார்த்தால் 2223. அதாவது 2023இன் 22ஆவது வாரம் செய்தது, இரண்டரை வருடம் குடோனில் கிடந்த ரப்பர். வேண்டாம் என்று வந்துவிட்டேன். அடுத்த கடையில் 2925 கிடைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருக்கிறது, பில்லில் அதையும் பார்த்து வாங்குங்கள்.

*

அண்ணா, நான் மஞ்சக்குப்பம். பலேனோ ஆர்எஸ், அதே 195/55 ஆர்16தான். நீங்கள் சொல்லாத ஒன்று: இந்த மாதிரி டயர்களில் உள்பக்கப் பள்ளமும் வெளிப்பக்கப் பள்ளமும் வேறு வேறு வடிவம், ‘அவுட்சைடு’ என்று எழுதியிருக்கும் பக்கம் வெளியே தெரிய வேண்டும். எனக்கு ஒரு கடையில் இடது பின் டயரைத் திருப்பி மாட்டிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துக் காற்றுப் பிடிக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். கழற்றி மாட்ட மறுபடி பேலன்சிங் காசு கேட்டார்கள், சண்டை போட்டுத்தான் இலவசமாகச் செய்ய வைத்தேன். கடையை விட்டுக் கிளம்பும் முன் நான்கு பக்கமும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிடுங்கள் அண்ணா.

*

அரியாங்குப்பத்திலிருந்து நான், போலோ ஜிடி. தம்பிகளே, நான்கும் ஒன்றாக மாற்றக் கையில் காசில்லாமல் இரண்டு மட்டும் வாங்குகிறவர்களுக்கு இது. முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்று புது டயரை முன்னால் போடத்தான் கடையில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். திண்டிவனம் சாலையில் ஈரமான வளைவு ஒன்றில் முன்பக்கம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது, தேய்ந்த பின்பக்கம் விலகிப் போய்விட்டது. முன்னால் வழுக்கினால் காலை எடுத்து ஓரளவு சமாளிக்கலாம், பின்னால் வழுக்கினால் நம்மைப் போன்றவர்களால் முடியாது. புதுசு இரண்டையும் பின்னால் போடுங்கள், அங்கே இருக்கிற சுமாரானதை முன்னால் கொண்டு வாருங்கள்.

*

அக்கா, நல்ல வேளை சொன்னீர்கள், என் மச்சானுக்கு இரண்டு டயர்தான் வாங்கப் போகிறோம், பின்னாலேயே போடச் சொல்கிறேன். என் வண்டிக்குப் புது யூசி6 போட்டு அலைன்மென்ட் முடித்து 2,000 கிலோமீட்டர் ஆகிறது. போன வாரம் அதே ரெட்டிச்சாவடியில் அதே போல மழை, கொஞ்சம் அழுத்திப் பிரேக் பிடித்துப் பார்த்தேன், ஏபிஎஸ் அடிக்கவே இல்லை, வண்டி நேராக நின்றது. சத்தம் மட்டும் தார் கரடான இடத்தில் பழசைவிடக் கொஞ்சம் கூடுதல். யூசி6இல் 30,000 தாண்டியவர்கள் யாராவது இருந்தால் அந்தச் சத்தம் போகப் போகக் கூடுகிறதா என்று சொல்லுங்கள்.