கணு காய்ந்த பிறகே போர்: சிறு காட்டில் தட்டு சேர்த்த அனுபவங்கள்

முதல் பகிர்வு: காங்கயம் பக்கம்

எங்களுக்கு இருப்பது 70 சென்ட் மானாவாரிக் காடும் (மழையை நம்பிய நிலம்) இரண்டு பசுக்களும்தான். மாசி பிறந்து ஆனியில் புதுமழை விழும் வரை பசும்புல் என்ற பேச்சுக்கே இடமில்லாத ஊர் என்பதால், புரட்டாசி மழையில் தீவனச் சோளத்தை நெருக்கமாக விதைத்து, தை மாதத்தில் அறுத்துக் காயவைத்து, கட்டுகளை உயரமாக அடுக்கிப் போர் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். நெருக்கமாக விதைத்தால்தான் தண்டு மெலிதாக வரும்; மெலிந்த தண்டு விரைவாகக் காயும், மாடும் மிச்சம் வைக்காமல் தின்னும்.

தந்தையாருக்குப் பிறகு நானாகப் போர் போட்ட முதல் ஆண்டில் செய்த தவற்றை இங்கே எழுதுகிறேன். பால்பிடிக்கும் பருவத்தில் அறுத்துக் கிடத்திய தட்டு (இலையோடு கூடிய சோளத் தண்டு), ஐந்தாம் நாளே காலடியில் சலசலத்தது. இலை சலசலத்தால் பயிர் காய்ந்துவிட்டது என்று எண்ணிக் கட்டுக் கட்டி அடுக்கிவிட்டேன். ஒன்பதாம் நாள் சாயங்காலம் போரின் பக்கத்தில் வெல்லம் காய்ச்சும் இடத்து வாசம் வந்தது. கட்டுகளுக்கு நடுவே முழங்கை வரை கையை விட்டால், உள்ளே வைத்திருக்க முடியாத சூடு. அன்று இரவே நானும் மனைவியும் விளக்கு வைத்துக்கொண்டு போரைப் பிரித்தோம். நடு அடுக்கில் இருந்த கட்டுகள் பழுப்பேறி, கணுக்களைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஈரத்தோடு அடுக்கிய தீவனத்தில் நுண்ணுயிர்கள் பெருகி எழுப்பும் அந்தச் சூடு வெளியேற வழியின்றிப் போனால், போர் தானாகவே தீப்பிடிக்கும் அளவுக்குக்கூட முற்றும் என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பூஞ்சை பிடித்ததை மாட்டுக்குப் போடவே கூடாது என்றும் அவர் கண்டிப்பாகச் சொன்னதால், ஏறக்குறைய நூறு கட்டுகளைக் குப்பைக்குழியில் தள்ள வேண்டியதாயிற்று. அந்தக் கோடையில் விலைக்கு வாங்கிய தட்டுதான் பசுக்களைக் காப்பாற்றியது.

அதன் பிறகு இலையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கணுவைப் பார்க்கிறேன். அடிப்பக்கத்திலிருந்து மூன்றாவது கணுவை நகத்தால் கீறினால் ஈரம் ஒட்டக் கூடாது. வளைத்தால் நார் நாராக இழுபடாமல் முறிய வேண்டும். ஐயம் வந்தால் நறுக்கிய தட்டைக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் பாதி அளவு போட்டு, உலர்ந்த பொடியுப்பு ஒரு கரண்டி சேர்த்து, சில நிமிடங்கள் குலுக்குகிறேன். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டினால் ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது என்று பொருள். ஒட்டாமல் உதிர்ந்தால் அடுக்கலாம். இப்போது அறுப்பதற்குப் பிரஷ் கட்டர் என்னும் கையில் பிடித்து அறுக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. பனி உலர்ந்த பிறகே அறுக்கிறேன்; மூன்று நாள் கிடத்தி, ஒருமுறை புரட்டி, சிறு கட்டுகளாகக் கட்டிக் கூம்பு போல ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திவிடுகிறேன். நின்றபடி காயும் கட்டுக்குள் காற்று புகுவதால் இரவுப் பனி உள்ளே தங்குவதில்லை. எப்படியும் பன்னிரண்டு நாளாவது ஆகிறது.

இளம்பயிரையும் வறட்சியில் வாடிய பயிரையும் பசுமையாக மேயவிட்டால் சோள நச்சு மாட்டைக் கொன்றுவிடும் என்பதால், பூப்பதற்கு முன் எங்கள் காட்டில் அரிவாள் வைப்பதே இல்லை.

இரண்டாம் பகிர்வு: மன்னார்குடி பக்கம்

அண்ணா, நீங்கள் தட்டு என்று எழுதியதை நாங்கள் தட்டை என்போம். எங்கள் ஊரில் சோளம் கிடையாது, சம்பா வைக்கோல்தான். ஆனால் சூடேறிய போருக்குள் நானும் கையை நுழைத்துப் பார்த்திருக்கிறேன். கையறுப்புக் காலத்தில் நீள வைக்கோலைக் கூரை போலச் சீவிப் போர் முடித்தால் மழைநீர் வழிந்து ஓடிவிடும். இயந்திரம் அறுத்துத் துப்பும் வைக்கோலோ நசுங்கிக் குட்டையாக இருப்பதால், தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே கட்டி உள்ளே வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. எங்களுடையது அரை ஏக்கர் என்பதால், வைக்கோல் கட்டும் இயந்திரம் அக்கம்பக்கத்து வயல்களும் சேர்ந்தால்தான் வருகிறது. காத்திருந்த ஒரு தையில் தூறல் விழுந்து எல்லாம் கறுத்துவிட்டது.

அதன் பிறகு தச்சரிடம் சொல்லி மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகல உயரமும் கொண்ட, அடியில்லாத பலகைப் பெட்டி ஒன்று செய்துகொண்டோம். தரையில் இரண்டு கயிற்றைக் கிடத்தி, அதன்மேல் பெட்டியை வைத்து, வைக்கோலை அள்ளிப் போட்டு மிதித்து, மறுபடி போட்டு மிதித்துக் கயிற்றை இறுக்கியபின் பெட்டியை உயர்த்தினால், ஏறக்குறைய 12 கிலோ எடையில் ஒரு கட்டு நிற்கும். நானும் மாமியாரும் ஒரு பகலில் முப்பது கட்டுகள் வரை போடுகிறோம். தரை ஈரம் ஏறாமல் இருக்கப் பனைமரத் துண்டுகளின் மேல் அடுக்கி, கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுகிறோம்.

மறுமொழி: காங்கயம் பக்கம்

அம்மிணி, அந்தப் பெட்டியின் அளவை எழுதியதற்கு நன்றி. முழுத் தட்டு அதற்குள் மடங்காது. ஆனால் வரப்பில் அறுக்கும் கொழுக்கட்டைப்புல்லுக்குச் சரியாக இருக்கும். அதை இதுவரை சாக்கில்தான் திணித்து வைக்கிறோம். பலகை எந்த மரம், மிதிக்கும்போது பக்கங்கள் விரியாமல் இருக்கச் சட்டம் அடித்திருக்கிறீர்களா என்பதையும் எழுதுங்கள்.