44 வயதில் ஆரி வேலைக்கு முழுநேரமாக மாறுவது: ஆர்டர், விலை, பி.எஃப்., கண், மணிக்கட்டு

கேள்வி: நூல்கண்டு, திருச்சி

வயது 44. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவு, 16 வருட சர்வீஸ். 3 மாத ஆரி (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) வகுப்பு முடிந்துவிட்டது. சங்கிலித் தையல், வாட்டர் ஃபில்லிங் (நிரப்புத் தையல்), பீட்ஸ் (மணி), சர்தோசி (சுருள் உலோகக் கம்பி), பிரெஞ்ச் நாட் (முடிச்சுத் தையல்) வரை கை வருகிறது. ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டு இதையே தொழிலாக்க எண்ணம். இதில் இருப்பவர்கள் சொல்லுங்கள்:

காசு வாங்கிச் செய்யும் அளவுக்குக் கை தேறிவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்வது? விலை எப்படிப் போடுவது? வேலையை விடும்போது பி.எஃப்., இன்சூரன்ஸ் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

கூடவே இரண்டு சந்தேகம். ஜரி நூல் பாதியிலேயே உரிந்து உள்நூல் தெரிகிறது. மாதிரிக்குப் போட்ட ப்ளவுஸ் கையில், டெய்லர் தைத்த பிறகு டிசைனின் ஓரம் தையலுக்குள் போய்விட்டது.

பதில்: ஊசிமுனை

ஜரியை முதலில் பார்ப்போம். ஜரி என்பது ஒரு உள்நூலின் மேல் மெல்லிய பளபளப்புப் பட்டையைச் சுற்றியது. கொக்கி சிறியதாக இருந்தால் நூல் முழுதாக உள்ளே உட்காராது. ஒவ்வொரு முறை மேலே இழுக்கும்போதும் கொக்கியின் விளிம்பு பட்டையைச் சுரண்டும். சில்க் நூலுக்கு வைத்திருக்கும் மெல்லிய ஊசியில் ஜரி போடக்கூடாது. ஜரிக்குக் கொக்கி பெரிதான ஊசியைத் தனியாக வையுங்கள். ஊசி சரியாக இருந்தும் உரிகிறது என்றால் துணிக்கு அடியில் இருக்கும் கை நூலை இறுக்கிப் பிடிக்கிறது. நூல் விரல்களுக்கு நடுவே தானாக ஓட வேண்டும். ஒரு சங்கிலி 2 மி.மீ. என்பது சில்க்குக்குச் சரி; ஜரிக்கு 3 மி.மீ. விடுங்கள். ஒரே ஓட்டையில் பிரித்துப் பிரித்துப் போட்ட ஜரியைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், வெட்டிப் போட்டுவிடுங்கள்.

ஊசி மேலே வரும்போது துணியையும் சேர்த்துப் பிடிக்கிறதா? அப்படியானால் திருப்பம் போதவில்லை. நூலைக் கொக்கியில் மாட்டியதும் ஊசியை அரைச் சுற்று திருப்பி, ஊசியின் முதுகால் துணியை லேசாக அழுத்தி ஓட்டையை அகலமாக்கிக்கொண்டு இழுக்க வேண்டும். கொக்கி எந்தப் பக்கம் பார்க்கிறதோ, கைப்பிடியில் அந்தப் பக்கம் மையால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். கருப்புத் துணியில் இந்தப் புள்ளி ரொம்ப உதவும். துணி தொய்ந்திருந்தாலும் இதே சிக்கல் வரும். ‘காட்’ என்கிற சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியை விரலால் சுண்டினால் மேளம் மாதிரி சத்தம் வர வேண்டும்.

முடிச்சை மறக்காதீர்கள். ஆரி சங்கிலி கடைசி நுனியிலிருந்து இழுத்தால் மொத்தமாக உருவிக்கொண்டு வந்துவிடும். முடிக்கும் இடத்தில் இரண்டு மூன்று பொடித் தையலைப் பின்பக்கமாகப் போட்டு, நூலை அடியில் இறக்கி முடிச்சிட வேண்டும். புதிதாக ஆர்டர் எடுப்பவர்களுக்குத் திரும்பி வரும் ப்ளவுஸில் அடிக்கடி பார்க்கும் குறை இதுதான்.    

கை தேறியதா என்பதற்கு ஒரு சோதனை. ஒரே டிசைனை ப்ளவுஸின் இடது கை, வலது கை இரண்டுக்கும் போடுங்கள். காட்டிலிருந்து கழற்றி ஒரு நாள் அப்படியே விட்டு, ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பூவின் நடுப்புள்ளிகள் 2 மி.மீ.க்கு மேல் விலகியிருந்தால் இன்னும் ஆர்டர் எடுக்கும் நேரம் வரவில்லை. விலகாமல் இருந்தால் தைத்து, உடுத்தி, திருப்பிப் போட்டு இஸ்திரி செய்து பாருங்கள். இதெல்லாம் தாண்டி நின்றால் காசு வாங்கலாம். கூடவே 1 மீட்டர் கோட்டுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். விலை போட அந்த எண் வேண்டும்.

பதில்: கத்தரிக்கோல்

அக்கா, டிசைன் தையலுக்குள் போனதில் டெய்லர் மேல் தப்பில்லை. எம்பிராய்டரி போட்டால் துணி சுருங்கும். நெருக்கமாக நிரப்பிய இடத்தில் இன்னும் அதிகம் சுருங்கும். அதைக் கணக்கில் எடுக்காமல் மார்க் செய்திருப்பீர்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். 80 செ.மீ. துணி வாங்காதீர்கள், 1 மீட்டர் வாங்குங்கள். வாடிக்கையாளரிடம் அளவு எண்களைக் கேட்பதைவிட சரியாகப் பொருந்தும் ஒரு அளவு ப்ளவுஸை வாங்கிக்கொள்ளுங்கள். ப்ளவுஸின் கொக்கி முன்பக்கமா பின்பக்கமா என்று டிரேஸ் எடுப்பதற்கு (டிசைனைத் துணிக்கு மாற்றுவதற்கு) முன்பே கேளுங்கள். பின்பக்கம் என்றால் முதுகு டிசைன் நடுவில் பிளக்கும், பட்டிக்கு இடம் விட வேண்டும். பிறகு துணியை வெட்டாமல், தைக்கும் டெய்லரையே தையல் கோட்டையும் வெட்டுக் கோட்டையும் தனித்தனியாக வரையச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 1 அங்குலம். டிசைன் தையல் கோட்டிலிருந்து கால் அங்குலமாவது உள்ளே தள்ளித் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் மெஷினின் காலடி (துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) பீட்ஸில் ஏறி இறங்கும், ஊசி உடையும். டாட் (வடிவத்துக்காகத் துணியை மடித்துத் தைப்பது) பிடிக்கும் இடத்தில் எதுவும் வேண்டாம்.

வேலை முடிந்து காட்டிலிருந்து கழற்றியதும் அளவு ப்ளவுஸை மறுபடி வைத்துக் கோட்டைத் திரும்ப வரைந்த பிறகுதான் கத்தரி வைக்க வேண்டும். முதலில் வரைந்த கோட்டிலேயே வெட்டினால் ப்ளவுஸ் கையின் சுற்றளவு இறுக்கிப் பிடிக்கும்.

அப்படியும் ஓரிரண்டு பீட்ஸ் தையல் கோட்டில் வந்துவிட்டால் நூலை வெட்டி எடுக்காதீர்கள், பக்கத்தில் உள்ளதும் உதிரும். மேலே ஒரு துணித்துண்டைப் போட்டுக் குறடால் அந்த பீட்ஸை மட்டும் நொறுக்குங்கள். கண்ணாடித் தூள் தெறிக்கும், துணி போடாமல் செய்ய வேண்டாம். டெய்லரிடம் ஜிப் தைக்கும் ஒற்றைக் காலடியைப் போட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.

சேலையோடு வரும் மென்பட்டுத் துணி தனியாக பீட்ஸ் கனத்தைத் தாங்காது. அடியில் மெல்லிய காட்டனைச் சேர்த்தே காட்டில் கட்டுங்கள். அந்தக் காட்டனை முதலில் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையிலேயே உள்துணி சுருங்கி மேலே பட்டு உப்பிக்கொள்ளும்.

நூல்கண்டு

சுருங்கும் என்பதை யோசிக்கவே இல்லை. நன்றி இருவருக்கும். விலை பற்றி யாராவது? அக்கம்பக்கத்தில் ‘கைக்கும் கழுத்துக்கும் 1,200’ என்கிறார்கள்.

பதில்: வரவுசெலவு

அந்த 1,200-ஐ மறந்துவிடுங்கள் சகோதரி. நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், மணிநேரத்தில் போடுங்கள்.

கணக்குக்காக ஒரு உதாரணம். பின்கழுத்தும் இரண்டு கையும், நடுத்தர நெருக்கம். சில்க், ஜரி 120 ரூபாய். பீட்ஸ், சர்தோசி, கல் 380. டிரேஸ் தாள், பசை 40. ஆக 540, சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் 594. நேரம்: டிரேஸ் எடுத்துக் காட்டில் கட்ட 2 மணி, வேலை 17 மணி, பிசிறு வெட்டிக் கட்டுவதற்கு 1 மணி. 20 மணிக்கு 90 ரூபாய் வீதம் 1,800. இதுவரை 2,394. டிசைன் பேச, ஃபோனில் படம் அனுப்ப, பிரித்துத் திருத்த என்று இன்னொரு 10 சதவீதம். 2,650 என்று சொல்லலாம். தையல் கூலி தனி.

இப்போது இதே கணக்கை மாதத்துக்கு விரித்துப் பாருங்கள். ஒரு நாளில் கண்ணும் கையும் சோராமல் 5 மணி, 25 நாள், 125 மணி. அதாவது 6 ப்ளவுஸ், கூலி 10,800. ஒரு ஜோடிக் கைக்கு உச்சவரம்பு உண்டு. ஆர்டர் எவ்வளவு குவிந்தாலும் அது நகராது. வீட்டுக்கு 30,000 வேண்டுமென்றால் மணிக்கு 240 ரூபாய் வர வேண்டும். கழுத்து–கை சாதாரண ப்ளவுஸில் அது நடக்காது. எளிய கொடி, பூ எல்லாம் கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, அங்கே போய் மோதாதீர்கள். மணப்பெண் ப்ளவுஸ், சேலைக்கு ஏற்ப நீங்களே வரையும் டிசைன், வகுப்பு, கூலிக்கு ஆள் வைத்து நிரப்பு வேலையைக் கொடுத்து நுணுக்கத்தை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்வது: வருமானம் ஏறுவது இவற்றில்தான். வேலையில் இருந்தபடியே 6 மாதம் செய்து, உங்கள் உண்மையான மணிக்கூலி எவ்வளவு என்று தெரிந்த பிறகு ராஜினாமா எழுதுங்கள். அதுவரை எழுத வேண்டாம் என்றுதான் அழுத்தமாகச் சொல்வேன்.

பாதி முன்பணம் இல்லாமல் துணியைத் தொடாதீர்கள். டிசைன் படம், நிறம், எந்தெந்த இடம், தேதி எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருக்கட்டும். கல்யாணத்துக்கு 10 நாள் முன்பு என்பதே உங்கள் கடைசித் தேதி.

பி.எஃப். விஷயம். 10 வருடத்தைத் தாண்டிவிட்டதால் பென்ஷன் பகுதியைக் கையில் வாங்க முடியாது. ஸ்கீம் சான்றிதழ் (பென்ஷனுக்கான உங்கள் சர்வீஸைக் காட்டும் சான்று) வாங்கி வையுங்கள். 58 வயதில் பென்ஷன் உண்டு. 50-லிருந்தே கேட்கலாம், ஆனால் 58-க்கு எத்தனை வருடம் குறைகிறதோ வருடத்துக்கு 4 சதவீதம் குறையும். வேலையை விட்டதும் பி.எஃப். பணத்தை எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை, வட்டி சேரும். வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கிராஜுவிட்டி (பணிக்கொடை): கடைசி அடிப்படைச் சம்பளத்தை (அகவிலைப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்குங்கள். 26,000 அடிப்படை என்றால் 16 வருடத்துக்கு 2,40,000.

கம்பெனியின் மருத்துவக் காப்பீடு நீங்கள் விலகும்போது நின்றுவிடும். சொந்தப் பாலிசியை இப்போதே எடுங்கள். ஏற்கனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் 3 வருடம் வரை வைக்கலாம், அந்தக் கடிகாரம் சம்பளம் வரும்போதே ஓடத் தொடங்கட்டும்.

உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இலவசம். காசு கேட்கும் தளம் அரசுத் தளமல்ல. மத்திய அரசின் கைவினை ஆணையர் அலுவலகம் தரும் கைவினைஞர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள், எம்பிராய்டரி அதில் வருகிறது. வாடிக்கையாளர் துணியில் கூலிக்குச் செய்வது சேவை, ஆண்டுக்கு 20 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. சொந்தத் துணியில் செய்து வெளிமாநிலத்துக்கு விற்கத் தொடங்கினால் விதி வேறு. கடன் இப்போது வேண்டாம், இந்தத் தொழிலுக்கு முதல் சில ஆயிரம்தான். பின்னால் ஆள் வைத்துப் பட்டறை போடும்போது பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசின் மானியக் கடன் திட்டத்தைப் பாருங்கள், பெண்களுக்குச் சொந்தப் பங்கு 5 சதவீதம், மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம்.

பதில்: தெளிவு

கண்ணைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 40-ஐத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். படிக்கிற கண்ணாடியைப் போட்டு ஆரி செய்தால் தலையைக் குனிந்து துணிக்கிட்டே கொண்டுபோவீர்கள், கழுத்து போய்விடும். காட்டின் முன் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணிலிருந்து துணி வரை டேப்பால் அளந்து அந்த எண்ணைக் கண் பரிசோதகரிடம் சொல்லுங்கள். அந்தத் தூரத்துக்கு மட்டும் ஒரே பவர் கண்ணாடி செய்து தருவார்கள். பல பவர் சேர்ந்த லென்ஸில் கிட்டப்பார்வைப் பகுதி குறுகலாக இருக்கும், அகலக் காட்டுக்கு ஒத்துவராது. வெளிச்சம் இரண்டு பக்கத்திலிருந்தும் விழட்டும். கருப்பில் கருப்பு என்றால் பகலில் மட்டும்.

காட்டின் உயரம் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும், தோள் தூக்கக்கூடாது. அடிக்கையின் மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கட்டும். 40 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் ராத்திரியில் விழிப்பு வந்தால் அது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது. தைராய்டு குறைவு, சர்க்கரை, மாதவிடாய் நிற்கும் காலம் இவற்றில் அது வரும் வாய்ப்பு அதிகம். தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். நாள்பட விட்டால் பிடிமானம் குறையும், ஊசி நழுவும்.

பதில்: ஊசிமுனை

விட்டுப்போன ஒன்று. வெள்ளை ஜிங்க் ஆக்சைடு பொடியையும் மண்ணெண்ணெயையும் கலந்து, ஊசியால் ஓட்டையிட்ட டிரேஸ் தாளின் மேல் தேய்க்கும்போது கலவை தயிர் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். நீர்த்தால் ஓட்டை வழியாகப் பரவிக் கோடு தடிக்கும், 2 மி.மீ. பிழை அங்கேயே வந்துவிடும். வெளிர்நிறத் துணிக்கு நீலப்பொடி. அடுப்பு இருக்கும் அறையில் தேய்க்காதீர்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் ஆர்டர் படுத்துவிடும், புரட்டாசியிலும் பலர் தவிர்ப்பார்கள். மாதிரிகளைப் போட அந்த மாதங்கள். ஆவணி மாதத்துக்கும் தை மாதத்துக்கும் வரும் கூட்டம் அதற்கு ஒரு மாதம் முன்பே துணியோடு வந்து நிற்கும், அப்போது காட்ட உங்களிடம் ஏழெட்டு மாதிரிக் கைகள் தயாராக இருக்க வேண்டும்.

நூல்கண்டு

ஜரிக்குத் தனி ஊசி வாங்கியாயிற்று. 3 மி.மீ. விட்டதில் உரியவில்லை. 1 மீட்டர் கோட்டுக்கு இப்போது 52 நிமிடம். ஆடி முடிவதற்குள் 8 மாதிரிக் கைகள், பிறகு மணிக்கூலி எவ்வளவு வந்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.