மறு: கோர் தசைகள் – ‘மையத்தசை’ போதுமா?

> கோர் தசைகளுக்கு (core muscles) ‘மையத்தசை’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதை எதற்குக் கலைக்க வேண்டும்?

ஐயா, வணக்கம்.

கலைக்கும் ஆசை இல்லை. வாலிபால் ஆடுபவர்களின் தோள்வலி பற்றி எழுத உட்கார்ந்தபோது அந்தச் சொல் காலை வாரிவிட்டது. மையத்தசை என்றால் நடுவில் இருக்கும் ஏதோ ஒரு தசை என்றே படிப்பவர் நினைக்கிறார், இல்லையென்றால் சிக்ஸ் பேக். ஆனால் கோர் என்பது ஒரே தசை இல்லை. மேலே உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசை), கீழே இடுப்புத்தளத் தசைகள், முன்னும் பக்கமும் வயிற்றுத் தசைகள், பின்னால் முதுகெலும்பை ஒட்டிய தசைகள், எல்லாம் சேர்ந்து நடுவுடலை இறுக்கிப் பிடிக்கின்றன.

ஸ்மாஷ் அடிப்பவரைப் பாருங்கள். ஆண்களுக்கு வலை 2.43 மீட்டர். அதற்கு மேல் எம்பி, அந்தரத்தில் கால் ஊன்ற இடமில்லாமல், உடம்பை வில்லாக வளைத்து முறுக்கிக் கையை வீசுகிறார். நடுவுடல் இறுகியிருந்தால் அந்த முறுக்கு தோள் வழியாகப் பந்துக்குப் போகும். தளர்ந்திருந்தால் குறைகிற விசையைத் தோளே ஈடுகட்ட வேண்டும். அடித்து அடித்துத் தோளில் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் நைந்துபோகும். (தோள்வலிக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. தோள்பட்டை எலும்பு சரியாக அசையாததும், ஓய்வில்லாத பயிற்சியும் உண்டு.) கை அசைவதற்குச் சற்று முன்பே வயிற்றின் ஆழத்தில் உள்ள குறுக்குத்தசை இறுகிவிடுவதை 1990களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். ஆக, அந்தத் தசைகளின் வேலை உடம்பை இறுக்கிக் கட்டுவது.

அதனால் ‘நடுக்கட்டு’ என்கிறேன். நடுக்கட்டுத் தசைகள், நடுக்கட்டு வலு, நடுக்கட்டுப் பயிற்சி. ‘உடற்கட்டு’ ஏற்கெனவே பழகிய சொல்தானே. ‘கச்சைத்தசை’ என்றும் யோசித்தேன். கச்சை சுற்றி வளைக்கும், மேலும் கீழும் மூடாது. மரத்தின் வைரம் பாய்ந்த உட்பகுதியைக் குறிக்கும் ‘காழ்’ அழகான சொல், ஆனால் காழ் எப்போதும் கெட்டி. இந்தத் தசைகள் தேவைக்கு இறுகித் தளர வேண்டியவை.

---

தம்பி,

எங்கள் ஊரில் நடுக்கட்டு என்றால் முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் இடையில் உள்ள வீட்டுப் பகுதி. ‘நடுக்கட்டில் வலு இல்லை’ என்று எழுதினால் கொத்தனாரைக் கூப்பிடுவார்கள்! ஆனாலும் மையத்தசைக்கு நீங்கள் சொன்ன குறை சரிதான். கட்டுரையில் முதல் தடவை ‘உடல் நடுக்கட்டு’ என்று எழுதிவிடுங்கள், அப்புறம் வெறும் நடுக்கட்டு போதும்.

அப்படியே வாலிபாலுக்கும் ஒரு வழி சொல்லுங்கள். நம் பத்திரிகைகளில் கைப்பந்து, இலங்கையில் கரப்பந்து. எதை எழுதப் போகிறீர்கள்?